தொட்டித் தெருவின் நீலச் சுற்று

கருவாகையில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருந்த பிரமசக்தியின் டேப்லெட், ஒரு கல்யாண பேனரின் நடுவில் தொட்டால் கேட்காமல் போனது. மாப்பிள்ளைக்கு மாலை வந்துவிட்டது, பெண்ணுக்கு இன்னும் வரவில்லை, ஓரத்தில் கொடி வரைவதற்காக இளநீல மையைத் தேர்ந்துகொண்டு அவள் விரலை வைத்தபோது கண்ணாடி வெறும் கண்ணாடியாக இருந்தது. விரலைச் சேலையில் துடைத்துவிட்டுத் தொட்டாள், கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தொட்டாள், இடது கையால் தொட்டாள், திட்டிவிட்டுத் தொட்டாள், கடைசியில் அதை மேசைமேல் கிடத்திவிட்டு டீ குடிக்கப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் மணப்பெண்ணின் காதுக்குக் கீழே, கடையிலிருந்து டீக்கடைக்குப் போய் வந்த வழி, புள்ளி புள்ளியாக நீலத்தில் விழுந்திருந்தது.

வாசல்வரை நடந்து பார்த்தாள். புள்ளிகள் கூடின. தெருவில் ஓர் ஆடு குறுக்கே ஓடியது, பேனரிலும் கடுகு தாளித்ததுபோல ஏதோ சிதறியது. தொடுகை கண்ணாடியை விட்டு இறங்கி ஊருக்குள் போய்விட்டது என்பது அவளுக்குப் புரிந்தது. மேற்கே ரயில்வே கேட் திரையின் இடது ஓரம், கிழக்கே கல்பாலம் வலது ஓரம், நடுவில் இரண்டையும் சேர்க்கிற மெயின் ரோடு, அதிலிருந்து பிரிந்து தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு மறுபடி அதிலேயே வந்து சேருகிற அவளுடைய தொட்டித் தெரு. புரிந்ததும் அவளுக்கு வந்தது வியப்பு அல்ல, எரிச்சல். ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கிக்கொண்டிருந்தன, இந்த ஊரில் கல்யாணம் ஆகப்போகும் முகங்கள் எல்லாம் அந்த டேப்லெட்டுக்குள்தான் இருந்தன.

பக்கத்துத் தையல் கடை ஜெபக்கனி வந்து எட்டிப் பார்த்தாள். வயதில் மூத்தவள், பிரமசக்திக்கு ஊரில் இருக்கிற ஒரே சிநேகிதி.

“ஏட்டி, ஆஃப் பண்ணிப் போடு. மனுசனுக்கே தூங்கி முழிச்சாத்தான புத்தி வருது.”

அதில் சத்தம் கூட்டிக் குறைக்கிற பொத்தான்கள் எப்போதோ பசை கொட்டி உறைந்துபோனவை. அதனால் அவற்றையும் பவர் பொத்தானையும் சேர்த்து அழுத்திக் கட்டாயமாக அணைக்கிற வழி இல்லை. பவர் பொத்தானை மட்டும் அழுத்திப் பிடித்தால் திரையின் குறுக்கே ஒரு பட்டை வரும், அதன் இடது முனையில் ஒரு வெள்ளை வட்டம் இருக்கும், ‘அணைக்க வலதுபுறம் இழுக்கவும்’ என்று எழுதியிருக்கும். பட்டை வந்தது. பிரமசக்தி இழுத்தாள். ஜெபக்கனி இழுத்தாள். தண்ணீர்கூடக் கொடுக்காத வீட்டுக்கு வந்த விருந்தாளிபோலப் பட்டை கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு மறைந்துவிட்டது.

டவுனில் ரிப்பேர் கடைக்காரருக்கு ஃபோன் போட்டாள்.

“ஒண்ணுமில்ல மேடம், ஆஃப் பண்ணி ஆன் பண்ணா டச் வந்துரும். சேவ் பண்ணாத பக்கம் மட்டும் போயிரும்.”

“எப்படி ஆஃப் பண்ண?”

“டச் பண்ணி இழுங்க.”

“டச்சுதானே போயிட்டு.”

“அதான் சொல்லுதேன், ஆஃப் பண்ணுங்க, வந்துரும்.”

சார்ஜ் தீர்ந்தால் தானாக அணையும் என்று ஒயரைப் பிடுங்கிவைத்துப் பார்த்தாள். தீரவில்லை. ஊர் நடக்க நடக்க அது ஏறிக்கொண்டிருந்தது.

கருவாகை இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், முதல் நாள் பார்த்துவிட்டுப் போனது, இரண்டாம் நாள் நாற்காலி போட்டுக்கொண்டு பார்த்தது. கடையில் கிடந்த பழைய டிவியோடு டேப்லெட்டை ஒயரில் இணைத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வாசலைப் பார்க்கத் திருப்பிவைத்தார்கள். நடக்கிறவர்கள் புள்ளிகளாக விழுந்தார்கள், ஏனென்றால் நடக்கிற கால் தரையை விட்டு எழும்பத்தான் செய்யும். சக்கரங்கள் மட்டும் விடாமல் கோடு இழுத்தன, அதிலும் சைக்கிள் தலைமுடி கனத்துக்கு, கார் பென்சில் கனத்துக்கு, ஊருக்குள் ஓடிய ஒரே மினி பஸ்ஸான ‘குயில்’ நல்ல விரல் கனத்துக்கு. லாரிகள் பைபாஸோடு போய்விடும், பெரிய பஸ் கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். போன வழியிலேயே மறுபடி போனால் நீலம் கொஞ்சம் அடர்ந்தது, தினமும் போனால் இன்னும் அடர்ந்தது, சாயங்காலம் மாடுகள் திரும்பும்போது படம் முழுக்கப் பாலுக்கு உறை ஊற்றியதுபோல ஒரு நெகிழ்ச்சி பரவியது, அதைப் பார்ப்பதற்கென்றே பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்கள்.

அரிசிக்கடை வேலாண்டியின் மனைவிதான் முதலில் பயன் கண்டாள். “சுகருக்கு நடக்கப் போறேன்னுட்டு, புள்ளி புரோட்டாக் கடைக்குல்லா போகுது!” மறுநாள் வேலாண்டியின் புள்ளிகள் வீட்டு வாசலோடு நின்றுவிட்டன. அவள் திரையில் மூக்கு இடிக்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “யாரோ சைக்கிள்ல வச்சு மிதிச்சுட்டுப் போயிருக்கான். அந்த முடிக்கோட்டப் பாத்தியளா, கனம் தாங்காம நெளியுது.”

பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் பிள்ளைகளை மைதானத்தில் வளைய வளைய ஓடவிட்டு மயில் போட்டார், திரையில் கோழி வந்தது. வால் பகுதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று தலைமை ஆசிரியை விளக்கம் சொன்னார். வார்டு மெம்பர் நயினார் மாணிக்கவாசகம் தன் பெயரை நடந்தே எழுதுவதென்று காலையிலேயே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார், ஆனால் பெயர் முடிவதற்கு முன்னால் குளம் வந்துவிட்டது, மிச்ச எழுத்துகளை நீந்தியே போட்டுவிட்டு ஈரத்தோடு ஓடிவந்து பார்த்தார். தண்ணீரில் எழுதியது எதுவும் பதியவில்லை. பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு ஓரகத்திகள் தெருவில் எதிரெதிரே வந்தால் படம் சுருங்கியது, விலகிப் போனால் பெரிதானது. அதனால் கண் சரியாகத் தெரியாதவர்கள் படத்தைப் பார்க்க வந்தபோதெல்லாம் அந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு ஒரே இடத்தில் நிறுத்தி, விலகிப் போகச் சொன்னார்கள். அவர்களும் மிகுந்த விருப்பத்தோடு விலகிப் போனார்கள்.

பெரியவர் ஆதிமூலம் இறந்தபோது அவர் மனைவி வந்து, முந்தின நாள் அவர் போன வழியைக் காட்டச் சொன்னாள். வீட்டிலிருந்து டீக்கடைக்கு, அங்கிருந்து பாதி வழி திரும்பி. அவருடைய புள்ளிகள் மட்டும் வட்டமாக இல்லாமல் நீள நீளமாக இருந்தன. “செருப்ப இழுத்துக்கிட்டே நடக்காதியன்னு எத்தன மட்டம் சொல்லியாச்சு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு டேப்லெட்டை எப்படி அணைப்பது என்று யாரும் கேட்கவில்லை.

சுற்றைக் கண்டுபிடித்தது ஜெபக்கனி. எங்கே துணி தேவையில்லாமல் சுற்றிக்கொண்டு போகிறது என்பது தையல்காரியின் கண்ணுக்குத் தப்பாது. மினி பஸ்ஸின் கோடு ரயில்வே கேட்டிலிருந்து மெயின் ரோட்டில் வந்து, தொட்டித் தெருவில் இறங்கி, பிரமசக்தியின் கடையைச் சுற்றிக்கொண்டு மறுபடி மெயின் ரோட்டில் ஏறிக் கல்பாலத்துக்குப் போனது. போகும்போதும் சுற்று, வரும்போதும் சுற்று. ஊரில் எல்லாம் நீலமாக இருக்க அந்தச் சுற்று கறுத்துவிட்டிருந்தது.

“ஏட்டி பிரமு, இந்த பஸ்ஸு நேரா போனா என்ன? எதுக்கு உன் கடையச் சுத்துது?”

“பெர்மிட்டுல அப்படி இருக்கும்.”

“நம்ம தெருவுல ஸ்டாப்பு உண்டா?”

“இல்ல.”

“ஏற எறங்க ஆளு உண்டா?”

“இல்லக்கா.”

“பின்ன?”

பல வருசமாக எல்லோரும் அதை பெர்மிட் என்றுதான் நினைத்திருந்தார்கள். கண்டக்டர் பரமனை டீக்கடையில் மடக்கினார்கள்.

“பெர்மிட்டுல மெயின் ரோடுதான் இருக்கு,” என்றான் பரமன். “நானும் ஒரு நாள் கேட்டேன். அங்கதான் திரும்ப வசதின்னாரு டிரைவரு.”

“நேரா போற பஸ்ஸு எதுக்குவே திரும்பணும்?”

“அத நான் கேக்கல.”

டிரைவர் மாசானம் நாற்பதைத் தாண்டியவன், தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிறவன், அவன் குரலை முழுசாகக் கேட்டவர்கள் ஊரில் குறைவு. பிரமசக்தி அவனோடு பேசியது ஒரே ஒரு முறை, அதுவும் காயப்போட்ட பேனர்கள்மேல் புழுதி அடித்துவிட்டுப் போகிறான் என்று தெருவில் இறங்கிக் கத்தியது. அன்றிலிருந்து பஸ் அவள் கடை முன்னால் நடக்கிற வேகத்தில்தான் போகும். உள்ளே இருப்பவர்கள் ரோடு மோசம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அதற்கப்புறம் ஊருக்கு வேறு வேலை இல்லை. பஸ் தொட்டித் தெருவில் இறங்கும்போது டிவி முன்னால் இருப்பவர்கள் எழுந்து நின்றார்கள். “மதினி, சுத்து இறுகுது மதினி!” என்று தண்ணீர்க் குடத்தோடு போகிறவள் கத்தினாள். பூக்கடைக்காரி போகிறபோக்கில் ஒரு முழம் மல்லிகையைக் கடை மேசைமேல் போட்டுவிட்டுப் போனாள். கல்லாப்பெட்டியைத் திறந்தால் சிரிப்பு, மூடினால் சிரிப்பு. மாசானத்துக்கும் சேதி போயிருந்தது. அவன் காதுமடல்கள் சிவந்திருந்தன, பார்வை கண்ணாடியைத் தாண்டி இப்படியோ அப்படியோ போகவில்லை, ஆனாலும் பஸ் வந்தது, இறங்கியது, நடக்கிற வேகத்தில் சுற்றியது, ஏறியது.

“எனக்கு வேலை கிடக்கு, போங்க எல்லாரும்” என்று பிரமசக்தி விரட்டினாள். பெண் பார்க்க வந்தவர்களையெல்லாம் போட்டோவில் வெளிச்சம் சரியில்லை என்று திருப்பி அனுப்பியவள் என்று அவளுக்கு ஊரில் பேர். முப்பத்தெட்டு வயதில் அந்தப் பேர் அவளுக்கு ஒரு சௌகரியமான நாற்காலி மாதிரி இருந்தது. இப்போது அதில் உட்கார முடியவில்லை. தெருவைப் பார்க்காமல் திரையைப் பார்த்தாள். இத்தனை வருசம் வாசல் வழியாகப் போன பஸ்ஸை அவள் பார்த்ததே இல்லை, இப்போது அதன் கோட்டின் மேலேயே விரலை வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம், கடையில் யாரும் இல்லாதபோது, பவர் பொத்தானை அழுத்திப் பார்த்தாள். பட்டை வந்தது. அது மெயின் ரோட்டின் மேலேயே படுத்திருந்ததை அன்றுதான் கவனித்தாள், கேட்டில் தொடங்கிப் பாலத்தில் முடிந்தது. அதே நேரம் கேட்டிலிருந்து மினி பஸ் கிளம்பியது, வெள்ளை வட்டமும் கூடவே நகர்ந்தது. அரிசிக்கடையைத் தாண்டியது, பள்ளிக்கூடத்தைத் தாண்டியது, தொட்டித் தெரு முக்குக்கு வந்ததும் பஸ் திரும்பிவிட்டது, வட்டம் துள்ளிப் பழைய இடத்துக்கே ஓடிவிட்டது.

ஆக, டேப்லெட்டை அணைக்க வேண்டுமென்றால் மாசானம் ஒரு முறை நேராகப் போக வேண்டும். அவள் பொத்தானை விட்டுவிட்டாள். ஒரு முறை நேராகப் போனால் அந்தச் சுற்று அழிந்துவிடும், அதுகூடப் பெரிதில்லை. நேராகப் போவது எவ்வளவு சுலபம் என்று ஒரு மனிதனுக்குத் தெரிந்துவிட்டால் அவன் பிறகு எதற்குத் திரும்ப வேண்டும்? இதை யாரிடமும் அவள் சொல்லவில்லை.

சொல்லவைத்தது சங்கு அண்ணாச்சி. அந்தப் பாதி மாலை பேனர் அவருடைய மகள் கல்யாணத்துக்கானது. முகூர்த்தம் வெள்ளிக்கிழமை. அவர் வந்து டிவியைப் பார்த்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“எம்மா, என் மக மூஞ்சியில ஊரே நடக்குது. மூக்குக்கு மேல மாடு மேயுது. மாப்ள வீட்டுக்காரன் கேட்டா நான் என்ன சொல்ல? நீயும் ஒரு பொம்பளப்புள்ளதானம்மா.”

அந்தக் கடைசி வார்த்தையில் பிரமசக்தி இரங்கிவிட்டாள். சக்கரம் உள்ள ஏதாவது கேட்டிலிருந்து பாலம்வரை நிற்காமல், திரும்பாமல் போனால் அணைந்துவிடும் என்றாள். பஸ் என்று சொல்லவில்லை.

மெம்பர் நயினார் தன் காரைக் கொண்டுவந்தார், பென்சில் கோட்டைப் பட்டை மதிக்கவே இல்லை. டிராக்டரை விட்டார்கள், அதன் பல் சக்கரம் தையல் போட்டதுபோல விட்டு விட்டுப் பதிந்தது, அவ்வளவு நேர்த்தியான ஓட்டுத் தையலைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று ஜெபக்கனி சொன்னாள், வட்டம் அசையவில்லை. கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரே குரலில் சொன்னார்கள், அவள் சொல்லாமல் வைத்திருந்ததை.

வியாழக்கிழமை சாயங்காலம் மெயின் ரோட்டின் இரண்டு பக்கமும் ஊர் நின்றது. ஆடுகளைக் கட்டிப்போட்டிருந்தார்கள். கூட்டத்தின் கால் ரோட்டில் படக்கூடாது என்று கயிறு கட்டியிருந்தார்கள். பிரமசக்தி கடையில் பொத்தானை அழுத்தினாள், பரமன் விசில் ஊதினான், ‘குயில்’ கேட்டிலிருந்து கிளம்பியது. அரிசிக்கடை முன்னால் பையோடு நின்ற ஒருத்தி கையை நீட்டினாள், பஸ் நின்றுவிட்டது.

“ஏளா, இன்னைக்குமா கை காட்டுவ?” என்றது கூட்டம்.

“பஸ்ஸப் பாத்தா கை தானா எந்திரிக்குது, நான் என்ன செய்ய?” என்றபடி அவள் ஏறிக்கொண்டாள்.

மறுபடி கேட்டிலிருந்து. இந்த முறை யாரும் கை காட்டவில்லை, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். பஸ் தொட்டித் தெரு முக்குக்கு வந்தது, ஊரே “நேரா! நேரா!” என்று கத்தியது, பஸ் மிகுந்த பணிவோடு திரும்பித் தெருவில் இறங்கியது. மூன்றாவது முறை பரமன் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் நின்று ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தான், இரண்டு பேருமாகத் திரும்பினார்கள். சிரித்துச் சிரித்து மெம்பருக்கு இருமல் வந்துவிட்டது. சங்கு அண்ணாச்சி மட்டும் தலையில் கை வைத்திருந்தார்.

பஸ் கடை முன்னால் வந்து நின்றது. மாசானம் இறங்கி, யாரையும் பார்க்காமல், துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். பிரமசக்தி வெளியே வந்தாள். கூட்டம் தெரு முக்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

“நேரா போகத் தெரியாதா?”

“தெரியும்.”

“பின்ன?”

“போனதில்ல,” என்றான். பிறகு, அது போதாது என்று பட்டதோ என்னவோ, “முக்குல வந்ததும், உள்ள லைட் எரியுதான்னு பாக்காம போக முடியல” என்றான்.

பிரமசக்தி கடைக்குள் போனாள். டிவி ஒயரைப் பிடுங்கினாள், டேப்லெட்டை எடுத்துக்கொண்டாள், லைட்டை அணைத்தாள், ஷட்டரை இழுத்து விட்டாள். “அக்கா, சாவி” என்று ஜெபக்கனியிடம் நீட்டினாள்.

“எங்கட்டி போற?”

“பாக்கிறதுக்கு நான் அங்க இருந்தாத்தான அவிய திரும்பணும்?”

ஏறி, எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில், டிரைவரைப் பார்த்தாற்போல் இருக்கிற ஒற்றைச் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். கை காட்டி ஏறிய அந்தப் பைக்காரி அதிலிருந்து எழுந்து இடம் கொடுத்திருந்தாள், அவள் வேறு சீட்டைத் தேடுவதற்குள் ஜன்னல் வழியாகவும் வாசல் வழியாகவும் ஊரில் பாதி ஏறிவிட்டது. பஸ் கேட்டுக்குப் போய்த் திரும்பி நின்றது. மாசானம் கியரைப் போட்டான். பிரமசக்தி பொத்தானை அழுத்தினாள், பட்டை வந்தது.

கிளம்பியது பஸ், அரிசிக்கடை போனது, வேலாண்டி புரோட்டாப் பொட்டலத்தோடு வாயைத் திறந்துகொண்டு நின்றதும் போனது, பள்ளிக்கூடம் போனது, டேப்லெட்டில் வெள்ளை வட்டம் அவள் மடியில் வலதுபக்கமாக வழுக்கிக்கொண்டே வந்தது, வழுக்கின இடமெல்லாம் ஒளிர்ந்தது, உள்ளே யாரோ பாட ஆரம்பித்துப் பாட்டு தெரியாமல் கைதட்டலாக மாற்றிக்கொண்டார்கள், தொட்டித் தெரு முக்கு வந்தது, ஸ்டியரிங் தன் பழக்கத்தில் இடப்பக்கம் லேசாக ஒடிந்தது, கைதட்டல் நின்றது, வட்டம் தயங்கியது, மாசானம் தெருவுக்குள் பார்த்தான், அங்கே கடை இருட்டாக இருந்தது, பிறகு எஞ்சின் பெட்டிக்கு இந்தப் பக்கம் பார்த்தான், அவள் திரையைப் பார்க்காமல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பஸ் நேராகப் போய்விட்டது. அதற்குப் பிறகு அதைப் பிடிக்க ஆளில்லை. குளக்கரை போனது, மில் போனது, ரோட்டின் இரண்டு பக்கமும் கயிற்றைப் பிய்த்துக்கொண்டு ஊர் பின்னாலேயே ஓடிவந்தது, ஓடிவந்த ஓட்டத்தில் டேப்லெட்டில் புள்ளிமழை கொட்டியது, கல்பாலத்தின் மேல் முன்சக்கரம் ஏறியதும் வட்டம் வலது ஓரத்தில் போய் முட்டியது. மாடுகள், கோழியாகிப்போன மயில், மெம்பரின் பாதிப் பெயர், ஆதிமூலத்தின் செருப்பு, கறுத்த சுற்று, எல்லாம் ஒரு கணம் பிரகாசமாகிவிட்டு அணைந்தன.

பாலத்தில் ரூட் முடிகிறது. பஸ் நிற்கவில்லை. இறங்க வேண்டியவர்கள் யாரும் கேட்கவும் இல்லை.

“அணஞ்சிட்டா?” என்றான் மாசானம்.

“அணஞ்சிட்டு.”

பாலத்துக்கு அப்பால் இரண்டு பக்கமும் வயல், காற்று ஒரு ஜன்னலில் புகுந்து மறு ஜன்னலில் போனது, அவள் தலையில் இருந்த மல்லிகையில் பாதி பின்சீட்டுக்காரர்கள் மடியில் விழுந்தது. அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, ரோட்டிடம் கேட்பதுபோலக் கேட்டான்:

“நாளைக்கு எப்படிப் போகட்டும்? நேராவா?”

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் முன்னால் சாய்ந்தார்கள். பிரமசக்திக்கு அந்த ஒரு கேள்விக்காகத்தான் இத்தனை நாளும் பஸ் என்று சொல்லாமல் இருந்தோம் என்று பட்டது. சிரிப்பை உதட்டுக்குள் மடக்கினாள், அது காது வழியாக வெளியே வந்தது.

“இவ்வளவு வருசம் சுத்துனது போதும்,” என்றாள். “நாளைக்குக் கடை வாசல்ல நின்னுட்டுப் போங்க.”

நிற்க ஒரு விசில், போக இரண்டு விசில். பரமன் விசிலை வாயில் வைத்தான், எதை ஊதுவது என்று தெரியவில்லை, கண்ணை மூடிக்கொண்டு மூச்சு தீரும்வரை ஒரே நீளமாக ஊதினான்.